ஊமைக் கட்டை

சுதி டீச்சர் என்பது அவளைப் பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. பாட்டு சொல்லிக்கொடுக்க அந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த முதல் வாரமே பிள்ளைகள் வைத்த பெயர். நின்றால் சுதி, உட்கார்ந்தால் சுதி என்று உயிரை வாங்குகிறவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? முதலில் முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டார்கள். அப்புறம் மற்ற ஆசிரியர்கள் முகத்துக்கு நேரே கூப்பிட்டார்கள். இப்போது வீட்டுக்காரரே ஃபோனில் அந்தப் பெயரில்தான் அவளைப் பதிந்து வைத்திருக்கிறார்.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த பியானோவில் சுதி கிடையாது. இதைவிடக் கொடுமை உலகத்தில் உண்டா என்று கேட்டால், உண்டு. பார்க்கலாம் சார் இருக்கிறார்.

அவர் தலைமையாசிரியர். நல்ல மனிதர்தான். யாரையும் அதட்டிப் பேசமாட்டார், எதையும் முடியாது என்று சொல்லமாட்டார். கூரை ஒழுகுகிறது என்றாலும் "பார்க்கலாம்", குழாயில் தண்ணீர் வரவில்லை என்றாலும் "பார்க்கலாம்". முடியாது என்று சொல்லிவிட்டாலாவது சண்டை போடலாம், பார்க்கலாம் என்கிறவரோடு எங்கே போய் முட்டிக்கொள்வது? ஒன்பது வருஷமாக அவரிடம் சுதி டீச்சர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். நல்ல அறை கேட்கவில்லை, பாராட்டு கேட்கவில்லை. பியானோவுக்குச் சுதி சேர்க்க ஓர் ஆளைக் கூப்பிடுங்கள் என்றாள். ஒன்பது வருஷமும் செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

பியானோ அங்கே படித்த ஒரு பழைய மாணவி கொடுத்தது. இப்போது பெரிய கட்டடக் கம்பெனி நடத்துகிற அந்த அம்மா வீடு மாறியபோது தாராளமாக அனுப்பி வைத்தார். வந்து இறங்கிய அன்று எல்லோரும் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அதோடு சரி. விளையாட்டுச் சாமான் போடுகிற அறையில் பாதியை ஒதுக்கி, அதற்குப் பாட்டு அறை என்று பெயர் வைத்து, உள்ளே தள்ளிவிட்டார்கள். காற்றுப் போன பந்துகளுக்கும் கிழிந்த வலைகளுக்கும் நடுவில் ஒவ்வொரு மழைக்கால ஈரத்தையும் குடித்துக் குடித்து, கம்பிகளெல்லாம் தளர்ந்து, சுதி அரைக் கட்டை கீழே இறங்கிவிட்டது. ஒரு ஆறுதல், எல்லாம் ஏறக்குறைய ஒன்றாகவே இறங்கியிருந்தன, கூட்டுக் குடும்பம் ஒற்றுமையாக நொடித்துப்போன மாதிரி. அதனால் மற்றவர்கள் காதுக்குத் தெரியாது. டீச்சருக்கு ஒவ்வொரு நாளும் கை வைத்த உடனே பல் கூசும்.

விரலால் அழுத்துகிற கட்டைகளில் நடுவில் ஒன்று மட்டும் முழு ஊமை. உள்ளே கம்பியைத் தட்டுகிற அதன் சுத்தியல் முறிந்து கிடந்தது. அழுத்தினால் மரத்தோடு மரம் இடிக்கிற சத்தம்தான் வரும். டொக்.

இதை வைத்துக்கொண்டுதான் அவள் முப்பது பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்தாள். காலையில் மணி அடிக்குமுன் ஒரு பயிற்சி, மதியம் சாப்பாட்டு நேரத்தில் பாதியைப் பிடுங்கி ஒரு பயிற்சி. நடுவில் எந்த ஆசிரியர் லீவு போட்டாலும் அந்த வகுப்பு அவள் தலையில் விழும். "நீங்க சும்மாதானே டீச்சர் இருக்கீங்க" என்பார்கள். சும்மா இருக்கிறவள் தொண்டையில் மாதத்துக்கு ஒரு தரம் புண் வருவது எப்படி என்று யாரும் கேட்டதில்லை. பரீட்சை வந்தால் முதலில் காணாமல் போவது பாட்டு வகுப்பு. விருந்தாளி வந்தால் முதலில் தேடுவதும் பாட்டு வகுப்பைத்தான். "அவங்க டீ குடிக்கிற வரைக்கும் ஏதாவது பாட விடுங்களேன்" என்பார் பார்க்கலாம் சார்.

அடுத்த அறை கணக்கு வாத்தியாருடையது. நடுவில் இருந்தது வெறும் பலகைத் தடுப்பு. சத்தம் பொறுக்க முடியாதபோது அவர் முட்டியால் பலகையில் ஓங்கி ஒரு தட்டு தட்டுவார். பிள்ளைகள் அடங்குவதற்குப் பதிலாக, முப்பது பேரும் உச்சக் குரலில் "மேலே!" என்று பாடுவார்கள். கணக்கு வாத்தியார் சண்டைக்கு வந்தார்.

"நான் தட்டுறதே உங்க பசங்களுக்குக் கேலியா போச்சு டீச்சர். வேணும்னே கத்துறாங்க."

டீச்சரும் அப்படித்தான் நினைத்தாள். வகுப்பை நிற்க வைத்துத் திட்டினாள். பிள்ளைகள் ஒன்றும் புரியாமல் திருதிருவென்று விழித்தார்கள்.

"மேலே" என்பது அவளே கட்டிய பாட்டில் வருகிற சொல். கடலுக்குப் போய்ப் போய் அலுத்துப்போன ஓர் ஆறு, திரும்பி மலை ஏறப் பார்க்கிற பாட்டு. பாதியில் பிள்ளைகள் நிறுத்திக்கொள்வார்கள். பியானோ மட்டும் படி இறங்குகிற மாதிரி ஒவ்வொரு ஸ்வரமாக இறங்கி வரும். கடைசிப் படியைத் தொட்டதும் முப்பது தொண்டையும் ஒரே தாவாக "மேலே" என்று உச்சிக்குப் போக வேண்டும். அந்தக் கடைசிப் படி எந்தக் கட்டையில் விழுந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. அங்கே வரும்போதெல்லாம் டொக் என்றுதான் கேட்கும். மாற்றிக் கட்டியிருக்கலாமே என்று வீட்டுக்காரர் ஒரு தடவை கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்.

"பியானோ ஊமைங்கிறதுக்காகப் பாட்டையும் ஊமையாக்கணுமா? அது வரவேண்டிய இடம் அதுதான். என்னிக்காவது ஒரு நாள் வாசிக்காமலா போகும்?"

அந்த நாள் வந்துவிட்டது என்றுதான் அவள் நம்பினாள். பள்ளிக்கூடத்துக்கு ஐம்பது வயது ஆனது. ஆண்டு விழாவுக்குத் தலைமை தாங்கப் பியானோ கொடுத்த அந்த அம்மாவே வருவதாக ஆயிற்று. பார்க்கலாம் சார் அவளைத் தாழ்வாரத்தில் நிறுத்தி, "பியானோவைச் சரிபண்ண ஆள் வரச் சொல்லியாச்சு டீச்சர், நாளைக்கே வராங்க" என்றார். அவர் வாயிலிருந்து "நாளைக்கே" என்ற சொல் வந்ததை அவள் அன்றுதான் முதல்முறையாகக் கேட்டாள்.

மறுநாள் இரண்டு பேர் வந்தார்கள். கையில் உப்புத்தாளும் வார்னிஷ் டப்பாவும் இருந்தன. சாயங்காலத்துக்குள் பியானோவைத் தேய்த்துப் பூசிப் பளபளக்க வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

"சார், சுதி சேர்க்கிறவர் எங்கே?"

"முதல்ல இதைப் பாருங்க டீச்சர். கண்ணாடி தோத்துது போங்க. முகமே தெரியுது."

அவள் பார்த்தாள். முகம் தெரிந்தது உண்மைதான். அதில் இருந்த கோபம்கூடத் தெளிவாகத் தெரிந்தது. அழுத்திப் பார்த்தாள். டொக் என்றது.

வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவர். கடையை மூடிக்கொண்டு அவர் வீட்டுக்குள் கால் வைத்ததும் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, பார்வை மங்குதுன்னு ஒருத்தர் உங்க கடைக்கு வந்தா, ஃப்ரேமைத் துடைச்சுக் குடுத்து அனுப்பிடுவீங்களா?"

"சில பேருக்கு அதுவே போதும்மா. நல்லாத் தெரியுதுன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க."

அவள் சிரிக்கவில்லை. அவர் செருப்பைக் கழற்றியபடி நிமிர்ந்து பார்த்தார். அவள் கண் கலங்கியிருந்தது.

"விடேன். பசங்கதான் நல்லாப் பாடறாங்களே."

"அது எப்படிங்க விடறது? தராசு கோணல்னு தெரிஞ்சும் அதுலயே நிறுத்து நிறுத்துக் குடுத்திட்டிருக்கேன். அதுங்க என்னை நம்பி வாங்கிட்டுப் போகுதுங்க. ஒரே ஒரு தடவை, சரியான சுதியில என் பாட்டை அதுங்க பாடிக் கேட்கணும். வேற என்ன கேட்டேன் நான்?"

அன்று அடுப்படி வேலையை அவரே பார்த்துக்கொண்டார்.

இத்தனைக்கும் பிறகு சுதி சேர்க்கிறவர் வந்தார், அதுவும் விழா நாள் காலையில். பியானோ கொடுத்த அம்மா முதல் நாள் ஃபோனில், "நானே கொஞ்சம் வாசிச்சுப் பார்க்கணும் சார், ரொம்ப நாள் ஆசை" என்று சொல்லிவிட்டாராம். பார்க்கலாம் சாருக்குத் தூக்கம் போய்விட்டது. ஒன்பது வருஷம் கேட்டவளுக்கு வராத பியானோக்காரர், ஒரு ஃபோனுக்கு விடிந்ததும் வந்து நின்றார். பியானோவை அதற்குள் கூடத்து மேடையில் ஏற்றியிருந்தார்கள். அவர் அங்கேயே அதைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கம்பியாக முறுக்கி, மதியச் சாப்பாடு தாண்டித்தான் எழுந்தார்.

"ரொம்ப இறங்கிக் கிடந்துச்சும்மா. இழுத்துக் கொண்டாந்துட்டேன். அந்த நடுக்கட்டை சுத்தியலை ஒட்டியிருக்கேன். பசை இறுகணும். ஒரு வாரத்துக்கு இதை இடம் மாத்தாதீங்க, குலுங்கினா விட்டுப்போயிடும்."

"சார், கேட்டுக்கிட்டீங்களா? ஒரு வாரம் நகர்த்தக் கூடாதாம்" என்றாள் டீச்சர்.

"பார்க்கலாம்" என்றார் சார், நாற்காலி போடுகிறவர்களை விரட்டிக்கொண்டே.

அவள் உட்கார்ந்து வாசித்தாள். மேலிருந்து கீழே படிப்படியாக இறங்கிவந்து அந்தக் கட்டையை மெல்லத் தொட்டாள். அது ஒலித்தது. மணி மாதிரி, சுத்தமாக, தன் இடத்தில் தான் நின்று ஒலித்தது. வெட்கத்தை விட்டு அழுதுவிட்டாள். பியானோக்காரர் நாகரிகமாகத் திரும்பி நின்று தன் கருவிகளைத் துணியில் சுருட்டினார்.

அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுசு பிள்ளைகள் வந்து சேரும்வரைதான்.

ஒத்திகை நன்றாகவே தொடங்கியது. பியானோவின் புதுக் குரலைக் கேட்டுப் பிள்ளைகள் கொஞ்சம் மிரண்டார்கள், ஆனாலும் பாடினார்கள். நடுப்பகுதி வந்தது. நிறுத்தினார்கள். பியானோ படி இறங்கியது, கடைசிக் கட்டை கணீரென்று ஒலித்தது. ஒரு பிள்ளைகூட வாயைத் திறக்கவில்லை. முப்பது முகங்களும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

"என்னாச்சு? ஏன் யாரும் எடுக்கல?"

மறுபடி வாசித்தாள். கணீர். மறுபடியும் மௌனம்.

"எடுங்களேன்! என்ன பார்த்துட்டு நிக்கிறீங்க?"

முன்வரிசையில் ஓட்டைப்பல் என்று எல்லோரும் கூப்பிடுகிற பெண் நின்றாள். முன்பற்கள் இரண்டும் விழுந்து, இன்னும் முளைக்காதவள். உச்ச ஸ்வரத்தை முதலில் எட்டிப் பிடிக்கிற குரல் அவளுடையது. அவள்தான் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"டொக் வரலையே டீச்சர்."

"என்ன வரல?"

"டொக்தான். டொக்னு தட்டினதும் நாங்க எடுப்போம். இன்னும் தட்டலையே நீங்க."

டீச்சர் கட்டையிலிருந்து கையை எடுத்தாள். அவள் ஸ்வரத்தைச் சொல்லிக்கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் கேட்டுப் பழகியது மரத்தின் இடியை. கணக்கு வாத்தியார் தட்டும்போதெல்லாம் பாடியது கேலி இல்லை, கீழ்ப்படிதல். பாவம், அதற்காக நிற்க வைத்துத் திட்டியிருக்கிறாள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிவிட்டது.

"சரி, இனிமே டொக் கிடையாது. இந்தச் சத்தம் கேட்டதும் எடுக்கணும். புரியுதா?"

புரிந்தது. எடுத்தார்கள். இரண்டாவது பூதம் அப்போதுதான் வெளியே வந்தது. "மேலே" என்று தாவிய குரல்கள் பாதி வழியில் உடைந்தன. ஓட்டைப்பல் கழுத்து நரம்பு புடைக்கக் கத்திப் பார்த்துவிட்டு, இருமி, "எட்டல டீச்சர்" என்றாள்.

எப்படி எட்டும்? இறங்கிக் கிடந்த பியானோவில், பிள்ளைகளின் தொண்டை எட்டுகிற கடைசி எல்லை பார்த்துக் கட்டிய பாட்டு. பியானோ இப்போது அரைக் கட்டை மேலே ஏறிவிட்டது. இத்தனை காலம் சுதி சுதி என்று உயிரை வாங்கியவளுக்கு, சுதி சேர்ந்தால் சுதி ஏறும் என்பது தோன்றவே இல்லை. தன்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. அரைக் கட்டை இறக்கி வாசித்துப் பார்த்தாள். விரல் வைத்த இடமெல்லாம் மாறிப்போய், வெள்ளையில் விழ வேண்டியது கறுப்பில் விழுந்து, அவளே நாலு இடத்தில் தடுக்கினாள். அவள் தடுக்கியதைப் பார்த்துப் பிள்ளைகளும் தடுக்கினார்கள்.

வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த பியானோக்காரரிடம் ஓடினாள்.

"ஐயா, இதைப் பழையபடி இறக்கிட முடியுமா? இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும்."

அவர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஏம்மா, ஒன்பது வருஷமா ஏத்தணும் ஏத்தணும்னு நின்னது நீங்கதானாமே?"

"ஆமா."

"ஏத்தின அன்னிக்கே இறக்கச் சொல்ற ஆளை என் சர்வீஸ்ல இன்னிக்குத்தான் பார்க்கிறேன். இன்னொரு தடவை கம்பியைத் தளர்த்தினா எதுவும் நிக்காதும்மா."

அந்த நேரம் பார்த்துப் பார்க்கலாம் சார் அந்தப் பக்கம் வந்தார். "என்ன டீச்சர், இப்போ திருப்தியா? ஒன்பது வருஷக் கனவாச்சே!" என்று முகமெல்லாம் பல்லாகக் கேட்டார். அவள் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் வேலை போயிருக்கும்.

சாயங்காலம் கூடம் நிரம்பியது. பெற்றோர்கள் சுவரோரமாக நின்றுகூடப் பார்த்தார்கள். பியானோ கொடுத்த அம்மா மேடையேறி, சின்ன வயதில் கற்ற ஒரு துணுக்கை இரண்டு கையாலும் வாசித்துக் காட்டினார். கைதட்டினார்கள். பார்க்கலாம் சார் ஒலிபெருக்கியில் பியானோவின் பெருமையை விரித்துச் சொன்னார், அதை எப்படிக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றினோம் என்றார். கடைசியில், "இப்போ அந்தப் பியானோவோட நம்ம குழந்தைகள் பாடுவாங்க" என்றார்.

டீச்சர் போய் உட்கார்ந்தாள். விரல்களைக் கட்டைகள்மேல் வைத்தாள். பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். ஓட்டைப்பல் எச்சில் விழுங்கியது அவளுக்குத் தெரிந்தது. விழப்போகிறோம் என்று தெரிந்துகொண்டே மேட்டின் விளிம்பில் நிற்கிற முகம் அது. இத்தனை பேர் முன்னால் அந்தக் குரல் உடைந்தால், அந்தப் பெண் இனிமேல் வாயைத் திறந்து பாடுவாளா? அப்படிப் பாட்டை விட்டவர்களை டீச்சர் நிறையப் பார்த்திருக்கிறாள். ஊரில் பாதிப் பேர் அவர்கள்தான்.

அவள் பியானோவை மூடினாள்.

மூடி விழுந்த சத்தத்துக்கு முன்வரிசையில் பார்க்கலாம் சார் பாதி எழுந்து நின்றார். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பழைய சுதியை, பல் கூச வைத்த அந்தத் தாழ்ந்த சுதியை, வாய்க்குள் ஹம் என்று எடுத்துக் கொடுத்தாள். அது அவள் தொண்டையிலும் இருந்தது, அவர்கள் தொண்டையிலும் இருந்தது. பிடித்துக்கொண்டார்கள். பக்கவாத்தியம் ஒன்றும் இல்லாமல் ஆறு புறப்பட்டது.

நடுப்பகுதி வந்தது. நிறுத்தினார்கள். பியானோ இறங்கிவர வேண்டிய இடத்தில் கூடம் முழுக்க நிசப்தம். டீச்சர் மனதுக்குள் படிகளை எண்ணி இறங்கி, கடைசிப் படியில், புது வார்னிஷ் பூசிய மூடிமேல் முட்டியால் ஒரு தட்டு தட்டினாள்.

டொக்.

"மேலே" என்று முப்பது பேரும் போனார்கள். ஒருவர் பாக்கியில்லாமல் போனார்கள். ஓட்டைப்பல் கண்ணை மூடிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் போனாள். டீச்சருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கூடவே ஒரு ஆத்திரமும் வந்தது. இத்தனை வருஷம் எதற்காக அலைந்தாளோ அதை மூடி வைத்துவிட்டுத்தான் இதைக் கேட்க வேண்டியிருக்கிறது!

கைதட்டல் அடங்க நேரம் பிடித்தது. பியானோ கொடுத்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒலிபெருக்கியை வாங்கினார்.

"என் பியானோவை மூடினதும் முதல்ல எனக்குக் கொஞ்சம் சுருக்குன்னுதான் இருந்துச்சு. ஆனா இப்படிப் பாடற பசங்களுக்குப் பியானோ எதுக்குங்க?"

மனசாரப் பாராட்டித்தான் சொன்னார். பார்க்கலாம் சார் பலமாகத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலில் இருந்த ஆபத்தை டீச்சர் அப்போது கவனிக்கவில்லை.

திங்கட்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பாட்டு அறைக்குப் போனாள். பந்துகள் இருந்தன, வலைகள் இருந்தன. பியானோ இருந்த மூலையில் அதன் சக்கரங்கள் பதிந்த குழிகள் மட்டும் இருந்தன. சொன்ன பேச்சைக் கேட்டு மேடையிலேயே விட்டிருக்கிறார்கள் போலும் என்று கூடத்துக்குப் போனாள். அங்கேயும் இல்லை. வரிசையில் பின்னாலேயே வந்த ஓட்டைப்பல்தான் ஜன்னல் வழியாகக் காட்டினாள்.

பியானோ பள்ளியின் வரவேற்பறையில் நின்றது. மேலே பூச்சாடி. பக்கத்தில் "தொடாதீர்கள்" என்று ஓர் அட்டை. மூடி பூட்டியிருந்தது.

"யார் இதை நகர்த்தினது? ஒரு வாரம் அசைக்கக் கூடாதுன்னு சொன்னாங்களே!"

வரவேற்பறையில் உட்கார்ந்திருந்த ஆபீஸ் அக்கா பரிதாபமாக அவளைப் பார்த்தார்.

"நேத்துச் சாயங்காலமே எட்டு ஆள் வச்சுத் தூக்கிட்டு வந்துட்டாங்க டீச்சர். அந்த அம்மாவே பசங்களுக்குப் பியானோ வேண்டாம்னு சொல்லிட்டாங்களாம். இங்க இருந்தா வர்றவங்க பார்ப்பாங்கன்னு சார் சொன்னார்."

"சாவியைக் குடுங்க."

"சார்கிட்ட இருக்கு. யாருக்கும் குடுக்கக் கூடாதாம்." அக்கா குரலைத் தாழ்த்தினார். "வாசிச்சா சுதி கலைஞ்சிடுமாம் டீச்சர்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம்கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே சாமி கொடுத்த பாராட்டையே பூட்டாக்கி மாட்டிவிட்டார் பூசாரி. சுதி டீச்சருக்கு அப்போது வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. பாடவிடாமல் செய்கிறவர்களையாவது எதிர்க்கலாம். பாட்டை ரசித்து, கைதட்டி, அதனாலேயே வாத்தியத்தைப் பிடுங்கிக்கொண்டு போகிறவர்களை என்ன செய்வது? நடக்கத் தொடங்கினாள். தாழ்வாரத்தின் கோடியில் தலைமையாசிரியர் அறை. பிள்ளைகளை இருக்கச் சொல்ல மறந்துவிட்டாள். அவர்கள் வரிசை கலையாமல் பின்னாலேயே வந்தார்கள்.

என்ன சொல்ல வேண்டும் என்று நடந்துகொண்டே யோசித்தாள். ஒன்பது வருஷமாகச் சொன்னதைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை. கனத்த மரக்கதவு மூடியிருந்தது. உள்ளே யாரோ பெற்றோரிடம் பார்க்கலாம் சார் பேசிக்கொண்டிருந்தது கேட்டது. "எங்க பள்ளியோட சிறப்பே அமைதியான சூழல்தான்" என்றார்.

டீச்சர் கதவை ஒரு தட்டு தட்டினாள்.

"மேலே!"

முப்பது தொண்டைகள், கூரையே பெயர்ந்துவிடும்போல. டீச்சரே திடுக்கிட்டுப் போனாள். நிறுத்தச் சொல்லத்தான் திரும்பினாள். திரும்பியவள் சொல்லவில்லை. அவர்கள் பாட்டின் மீதிப் பாதியை எடுத்துக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் தலைகள் எட்டிப் பார்த்தன. கணக்கு வாத்தியார் வெளியே வந்து, இந்தத் தடவை தட்டியது தான் இல்லை என்பதுபோல் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

கதவு திறந்தது. பார்க்கலாம் சாருக்குப் பின்னால், பிள்ளையைச் சேர்க்க வந்த தம்பதி வாயைப் பிளந்து நின்றார்கள்.

"என்ன டீச்சர் இது! நிறுத்தச் சொல்லுங்க!"

"சாவி வேணும் சார்."

"எந்தச் சாவி? முதல்ல இவங்களை..."

"பியானோ சாவி. இங்கேயே இருக்கட்டும், உங்க வரவேற்பறையிலேயே இருக்கட்டும். நாங்க அங்க வந்து பாடிக்கிறோம். சாவியைக் குடுங்க."

அவர் தம்பதியைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார், டீச்சரின் கை மறுபடி கதவை நோக்கி உயர்வதைப் பார்த்தார். சட்டைப் பையில் கையை விட்டார்.

வரவேற்பறையில் பூச்சாடியை எடுத்து ஆபீஸ் அக்கா கையில் கொடுத்தாள் டீச்சர். அட்டையைத் திருப்பி வைத்தாள். பூட்டைத் திறந்து மூடியைத் தூக்கினாள். பிள்ளைகள் சோபாக்களுக்கு நடுவில் வரிசையாக நின்றார்கள். பார்க்கலாம் சாரும் தம்பதியும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

"கேளுங்க. இதுதான் சரியான சுதி. இனிமே அரைக் கட்டை ஏறணும். மெதுவா ஏறுவோம், அவசரம் இல்ல" என்றாள். உட்கார்ந்தாள். மேலிருந்து ஒவ்வொரு ஸ்வரமாக, சுத்தமாக, படிப்படியாக இறங்கிவந்தாள். கடைசிப் படியில் விரலை வைத்து அழுத்தினாள்.

டொக்.

பிள்ளைகள் ஒரு கணம்கூடத் தாமதிக்கவில்லை. "மேலே!" என்று பழைய சுதியில், தெரிந்த இடத்துக்கு, சந்தோஷமாகத் தாவினார்கள்.

டீச்சர் கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். உள்ளே ஒட்டிய சுத்தியல் விட்டுப்போய்க் கிடப்பது பார்க்காமலே தெரிந்தது. எட்டு ஆள் வைத்துத் தூக்கினார்களாம்.

பார்க்கலாம் சார் தம்பதியிடம் பெருமையாகத் திரும்பினார். "பார்த்தீங்களா? சுதி சேர்த்து ரெண்டு நாள்தான் ஆச்சு. எவ்வளவு நல்லா இருக்கு!"

"சார்," என்றாள் அவள், பல்லைக் கடித்துக்கொண்டு. "அந்தப் பியானோக்காரரை மறுபடி வரச் சொல்லணும்."

"வரச் சொல்றதுக்கென்ன டீச்சர்," என்றார் அவர். "பார்க்க..."

டீச்சர் அந்தக் கட்டையை ஓங்கி அழுத்தினாள்.